அக்காவின் முன்பல்லும் அத்தானின் ஐம்பது மெகாபிக்சலும்

எங்கள் அத்தான் கைப்பேசி வாங்கிய கதையை அவர் வாயால் கேட்பதென்றால் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மூன்று மாதம் ஆராய்ச்சி செய்தார். பதினோரு கடை ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் விற்பவரின் மூக்கைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, “உங்க மூக்குல புள்ளி புள்ளியா வருதே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடைசியில் ரொம்ப விலையும் இல்லாமல் ரொம்ப மட்டமும் இல்லாமல் நடுத்தரமாக ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து அந்தக் கைப்பேசிக்கு இருக்கும் மரியாதை அந்த வீட்டில் என் அக்காவுக்குக்கூட இல்லை.

“விலை உசந்த போன் வாங்குறவன் பேரை வாங்குறான். நான் கேமராவை வாங்கியிருக்கேன். ஐம்பது மெகாபிக்சல்!” என்பார். சட்டைப் பையிலிருந்து அதை எடுக்கும்போது இரண்டு கையாலும்தான் எடுப்பார்.

அவர் மின் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு எதற்கு ஐம்பது மெகாபிக்சல் என்று கேட்டேன். பதிலாக ஒரு தக்காளியின் படம் வந்தது. தக்காளி பளபளவென்று முன்னால் நிற்க, பின்னால் இருந்ததெல்லாம் மங்கிக் கிடந்தது. மறுநாள் அக்காவின் செருப்பு. அதற்கு மறுநாள் ஒரு நாற்காலி. அதே ஜோரில் ஒரு தெரு முழுக்க மீட்டர்களைப் பின்னணி மங்கலாக்கி எடுத்து அனுப்பினார். பக்கத்தில் இருந்த வீட்டு எண் ஒன்றுகூடத் தெரியாமல் போய், அலுவலகத்தில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்கள். “கலை தெரியாத ஜனங்க” என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவுக்கு மறுபடி நடந்தார்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பி நான் மோசம் போனேன் என்பதுதான் கதையே. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, என் மேலும் தப்பு இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் பல்லைச் செதுக்கி அச்செடுத்து அனுப்புவார். அதன்மேல் மாட்ட வேண்டிய ‘கேப்’ என்ற பல் உறையை நான் பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சின்ன உலையில் சுட்டு எடுப்பேன். இருபத்திரண்டு வருட வேலை. எதிரில் ஒருவர் கொட்டாவி விட்டால் போதும், பல் என்ன நிறம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கோபமும் உண்டு. அது மூக்கு நுனியிலேயே குடியிருக்கிறது என்று எங்கள் லேபில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கோபத்தால்தான் அக்காவின் முன்பல் போனது. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. பூங்காவில் ஒரே ஒரு ஊஞ்சல். இரும்புச் சங்கிலி, இரும்புப் பலகை. ஆடி முடித்து இறங்கியவள், “இன்னும் ஒரே ஒரு தடவைடி” என்று மறுபடி ஏறப் போனாள். இதையே ஏழாவது தடவையாகச் சொல்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம், வெறும் பலகையைப் பிடித்து அவள் பக்கமாக ஓங்கித் தள்ளிவிட்டேன். மேல்வரிசை முன்பல்லில் பாதி மண்ணில் போய் விழுந்தது. இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். “வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான பிறகு அத்தானிடம் மாடிப்படியில் உருண்டதாகச் சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போன இடத்தில் சைக்கிள் என்று சொன்னாளாம். கேட்கிறவரைப் பொறுத்துக் கதை மாறும், ஆனால் எந்தக் கதையிலும் என் பெயர் வந்ததே இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் நானும் வாய் தவறிக்கூட ஒரு மன்னிப்புக் கேட்டதில்லை. எவ்வளவு நாள் தள்ளிப்போட்டேனோ அவ்வளவுக்கு அது கேட்க முடியாததாகிவிட்டது.

பல் உடைந்த மறுநாளிலிருந்து சிரிப்பு வந்தால் அக்காவின் வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். வலது கையில் பை இருந்தால் இடது கை வரும். போனில் பேசும்போதுகூட மூடிக்கொள்வாள், யார் பார்க்கிறார்களோ தெரியாது. அதனால் போனில் அவள் சிரிப்பு எனக்குத் தலையணைக்கு அடியிலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.  பல் செய்கிற வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று யாராவது கேட்டால் சம்பளம் நல்ல சம்பளம் என்று சொல்லி வைப்பேன்.

கேப் போட்டுக்கொள் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். பஸ் டிப்போவில் இருநூறு ஓட்டுநர்களை ஒரே அதட்டலில் அடக்குகிறவளுக்குப் பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டால் மட்டும் உதறல் எடுக்கும். “போடி, இதோட பாதி ஆயுசு போயாச்சு” என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளே ஒரு நாள் கூப்பிட்டாள்.

“சின்னவளே, எனக்கு அந்தப் பல்லைச் செஞ்சு குடு.”

என் காதையே நம்ப முடியவில்லை. “திடீர்னு என்னக்கா?”

“என்னை டிப்போ மேலாளரா போட்டுட்டாங்க. மேலாளர் ரூமுக்கு வெளியில ஒரு சுவரு இருக்கு, பாத்திருக்கியா? இதுவரைக்கும் இருந்த பதினாலு பேரு படமும் மாட்டியிருக்கும்.”

பார்த்திருக்கிறேன். பதினான்கு பேரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

“இருபத்தஞ்சு வருஷமா அந்த மூஞ்சிங்களைப் பாத்துக்கிட்டே வேலைக்குப் போயிருக்கேன்டி. பதினஞ்சாவது படம் என்னுது. நான் வாய் நிறைய சிரிச்சுக்கிட்டு இருக்கணும். பல்லு தெரிய. ஒரு படத்துலயாவது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நீதான் செய்யணும். வேற யாரு செஞ்சாலும் வேணாம்.”

அன்று லேபில் நான் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

அக்கா இருப்பது நாலு மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர். அங்கேயே ஒரு டாக்டரம்மா பல்லைச் செதுக்கி, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப் வைத்து, அச்சை எனக்கு அனுப்பிவிட்டார். நிறம் மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. பல் டாக்டர்களிடம் ஒரு பட்டை இருக்கும். அதில் பதினாறு மாதிரிப் பற்கள், பதினாறு நிறம். பொருந்துகிற மாதிரிப் பல் ஒன்றை நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தில் வெளிச்சம் கூடக் குறைய இருந்தாலும் மாதிரிப் பல்லை வைத்து நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

டாக்டரம்மா தன் கேமராவை எடுக்கப் போனபோது அத்தான் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார். “எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? என்கிட்ட ஐம்பது மெகாபிக்சல் இருக்கு.”

படம் வந்தது. மறுக்க முடியாது, அழகான படம். டாக்டரம்மா சொன்னபடி அக்கா ‘ஈ’ என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். உதட்டின் ஈரம்கூடத் தெரிந்தது. ஆனால் மாதிரிப் பல்லைக் காணோம். அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அதா? ஓரத்துல ஒரு குச்சியும் ஒரு விரலும் நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சும்மா. வெட்டி எடுத்துட்டேன். இப்போ படம் எப்படி இருக்கு பாத்தியா?”

வேறு யாராவது மாதிரிப் பல் இல்லாமல் அனுப்பியிருந்தால் கழுவிக் கழுவி ஊற்றியிருப்பேன். ஆனால் இது என் அக்காவின் பல். நாற்பது வருடமாகப் பார்த்த வாய். எனக்கு எதற்கு மாதிரி? இதோ முழு வரிசையும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே! என் திமிர் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஐந்து நாள் செய்தேன். நாலு தடவை சுட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பல்லை நான் செய்ததில்லை. பஞ்சு வைத்து, டப்பாவில் போட்டு, அக்காவின் டிப்போவுக்குப் போகிற பஸ்ஸிலேயே ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன். “பத்திரம்ணே, உங்க மேலாளரோட சிரிப்பு இதுக்குள்ள இருக்கு” என்றேன். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டிப் போனாராம்.

புதன்கிழமை டாக்டரம்மா அதை ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்த்தார். அத்தான் வீடியோ அழைப்பில் காட்டினார். நான் பார்த்தேன். கைப்பேசி என் கையிலிருந்து நழுவாதது அதிசயம்.

பல் வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை. பக்கத்துப் பற்கள் எல்லாம் இளம் மஞ்சளில் நிதானமாக இருக்க, நடுவில் இது மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

“நல்லா பளிச்சுன்னு இருக்குல்ல?” என்றார் அத்தான்.

“பளிச்சுன்னா? அத்தான், பல்லைப் போடச் சொன்னா பல்பைப் போட்ட மாதிரி இருக்கு!”

“அது நீ செஞ்சது. நான் எடுத்த படத்துல குறை சொல்லாத.”

“உங்க படத்தைப் பாத்துத்தானே செஞ்சேன்?”

“படம் படமாத்தான் இருக்கும். நீதான் பாத்து செய்யணும்.”

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. இரண்டு பேரும் கத்திய கத்தலில் டாக்டரம்மாவின் அடுத்த நோயாளி எழுந்து போய்விட்டாராம். அக்கா நடுவில் புகுந்தாள். ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, “சரி விடுங்க. அழகாத்தான் இருக்கு. நான் இதையே வெச்சுக்கறேன்” என்றாள். சண்டையை நிறுத்தச் சொன்ன பொய் அது. முப்பத்தைந்து வருடமாக எனக்காகச் சொல்லும் அதே வகைப் பொய். அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் அந்தப் படத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிறத்தில் எனக்குத் தப்பு வராது. பிறகு எங்கே தப்பு? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அக்காவின் மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம் உண்டு. மிளகளவு. பிறந்ததிலிருந்து இருக்கிறது. படத்தில் அது இல்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கம் இல்லை. மூக்குத் தழும்பு இல்லை. என் அக்காவின் முகத்தைத் துடைத்து மாவு பூசி வைத்திருந்தது அந்தப் போன். பல்லுக்கும் சேர்த்துத்தான் பூசியிருந்தது. ஐந்து நாளும் அந்தப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்த நான், பல்லைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அந்த மச்சத்தைக் கிள்ளி விளையாடி வளர்ந்தவள் நான்.

அத்தானைக் கூப்பிட்டேன். “உங்க போன்ல ‘அழகூட்டல்’னு ஏதாவது இருக்கா?”

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. “இருக்கு. ஆனா அது தானா போட்டுக்குது. நான் ஒண்ணும் பண்ணல.”

“எவ்வளவு போட்டிருக்கு?”

“நூத்துக்கு நூறு” என்றார் சின்னக் குரலில். பிறகு, “அதான் நானும் படத்துல இவ்வளவு நல்லா இருந்தேனா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனிதர் பாவம், ஒரே நாளில் பத்து வயது கூடியவர் போல ஆகிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிப்போவில் படம் எடுத்து, அன்றே பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அத்தான் கெஞ்சினார். “ஒரே ஒரு சான்ஸ் குடும்மா. எல்லாத்தையும் அணைச்சுட்டேன். மாதிரிப் பல்லையும் வெச்சே எடுக்கறேன். கிட்டப் போய் எடுக்கறேன்.” சரி என்றேன். இந்தத் தடவை படத்தோடு திரையையும் அப்படியே பதிவு செய்து அனுப்பச் சொன்னேன்.

வந்தது. பல்லெல்லாம் நல்ல மஞ்சள், ஈறெல்லாம் தக்காளிச் சிவப்பு, பக்கத்தில் இருந்த மாதிரிப் பல் வெண்ணெய்த் துண்டு. திரையின் மூலையில் சின்னதாக ஒரு முள்கரண்டிப் படம். அதற்குப் பக்கத்தில் ‘உணவு’ என்று எழுதியிருந்தது. போன் என் அக்காவின் வாயைப் பார்த்து, இது ஏதோ தின்கிற பொருள் என்று முடிவு கட்டி, பசி எடுக்கிற மாதிரி நிறம் ஏற்றிவிட்டிருந்தது.

 பையை எடுத்தேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

அத்தான் கதவைத் திறந்து, என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்து, கைப்பேசியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அக்காவை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். உதட்டுச் சாயத்தைத் துடைத்தேன். பதினாறு மாதிரிப் பற்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்றாவதும் இல்லை, நாலாவதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். விளிம்பில் லேசான சாம்பல். பக்கத்துப் பல்லில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி, மயிரிழையாக ஒரு கீறல். எல்லாவற்றையும் காகிதத்தில் பென்சிலால் வரைந்துகொண்டேன். அக்கா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“என்னடி இப்படி முறைக்கற?”

“பேசாத. பல்லு காஞ்சா நிறம் மாறிடும், அதுக்குள்ள பாத்துடணும்.”

அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நான் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ‘அக்கா, அன்னைக்கு நான்...’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அத்தான், “ரெண்டு பேரும் அப்படியே இருங்க, வெளிச்சம் அருமையா இருக்கு” என்று வந்து நின்றார். நான் பார்த்த பார்வையில் அப்படியே சமையலறைக்குள் போய்விட்டார்.

ஊர் திரும்பி, ஞாயிறு முழுவதும் பூட்டிய லேபைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் செய்தேன். திங்கட்கிழமை விடியுமுன்பே பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் பொருத்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பார்த்தார். “இதுல கேப் எது?” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் கிடையாது. ஒட்டியாயிற்று. அக்கா கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதால் சிமெண்ட் காயாது என்று அதட்டி அழைத்து வந்தேன். அழுகைக்கும் சிமெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

டிப்போவில் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பட்டறைக்காரர்கள் என்று அறுபது பேர் கூடியிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிரேம்காரர் பிரேமோடு தயார். சுவருக்கு முன்னால் அக்கா. எதிரில் அத்தான், இரண்டு கையிலும் கைப்பேசி.

“எல்லாம் அணைச்சாச்சா?” என்றேன்.

“அழகூட்டல் இல்ல, உணவு இல்ல, மங்கல் இல்ல. ஒண்ணுமே இல்ல. இதுக்கு நான் பழைய போனையே வெச்சிருக்கலாம்” என்றார் கடுப்பாக. “சிரிம்மா!”

அக்கா சிரித்தாள். அவள் வலது கை ஜம்மென்று எழுந்து வாயை மூடிக்கொண்டது.

“கையை எடு.”

“ஐயோ, தெரியாம வந்துடுச்சு.”

மறுபடி சிரித்தாள். மறுபடி கை. கையில் ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். கோப்பு எழுந்து வாயை மூடியது. இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி பெரிய வண்டிப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். அதையும் தூக்கினாள், கண் மட்டும் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டச் சொன்னார்கள். கட்டிக்கொண்டால் சிரிப்பே வரவில்லை, பதினான்கு மேலாளர்களோடு பதினைந்தாவதாக முறைத்தாள். நாற்பத்து மூன்று படம். அதிகாரி தொண்டையைச் செருமினார். 

அக்காவின் முகம் வாடியது. “விடுங்க. வாயை மூடிக்கிட்டே எடுத்துடலாம். எல்லாரும் அப்படித்தானே இருக்காங்க” என்றாள். என்னைப் பார்த்து, “பல்லு ரொம்ப நல்லா இருக்குடி. தப்பு என் கை மேல” என்றாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கை என்ன தப்பு செய்தது? நான் விறுவிறுவென்று சுவருக்கு முன்னால் போய் நின்றேன். அறுபது பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

“அவ கை மேல ஒரு தப்பும் இல்ல! அந்தப் பல்லை உடைச்சது நான்! ஊஞ்சல் பலகையைத் தள்ளி உடைச்சேன்! தெரியாம இல்ல, வேணும்னேதான் தள்ளினேன்! மாடிப்படி, சைக்கிள் எல்லாம் பொய்! என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சொன்ன பொய்!”

 தூரத்தில் ஒரு பஸ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

முதலில் அத்தான்தான் வாயைத் திறந்தார். “அப்போ மாடிப்படி? அதுக்காக நான் மூணு வீடு மாறினேனே, மாடிப்படி இல்லாத வீடா பாத்து!”

“எங்ககிட்ட சைக்கிள்னுதான் சொன்னாங்க” என்றார் நடத்துநர் ஒருவர்.

பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த ஓட்டுநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.  “மேடம்... என்கிட்ட நான் போட்ட சடன் பிரேக்லதான் போச்சுன்னு சொன்னீங்களே மேடம்! அதுக்காக ஆறு வருஷமா நான் நாப்பதுக்கு மேல ஓட்டலையே!”

அக்காவின் உதடு துடித்தது. கன்னம் உப்பியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். வலது கை வழக்கம்போல விருட்டென்று எழுந்தது. எழுந்த கை பாதி வழியில் என்னைக் கண்டது போலும். அங்கிருந்து அப்படியே திரும்பி வந்து என் காதைச் சேர்த்துத் தலையில் ஒரு போடு போட்டது.

“அடிப் பாவி! இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இத்தனை பொய் சொல்லியிருக்க வேண்டாமேடி!”

“மன்னிச்சிடுக்கா” என்றேன். முப்பத்தைந்து வருடம் சுமந்தது ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், வாயெல்லாம் பல்லாக, கண்ணில் நீர் வழிய. போடு போட்ட கை என் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

அத்தான் மாடிப்படிக் கவலையில் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார். ஆனால் விரல் பொத்தானை விடவில்லை. நாற்பத்து நாலாவது படம் அதுதான்.

பிறகு எல்லாரும் கைப்பேசியைச் சுற்றிக் கூடினோம். அக்கா முழு வாயும் திறந்து சிரிக்கிறாள். மச்சம் இருக்கிறது, சுருக்கம் இருக்கிறது, மூக்குத் தழும்பு இருக்கிறது. ஓரத்தில் வலியில் கோணிய என் பாதி முகமும் ஒரு காதும் இருந்தன. அத்தானின் கண் உடனே அந்த ஓரத்துக்குத்தான் போனது.

“இது மட்டும் கொஞ்சம் அசிங்கமா இருக்கு. வெட்டிட்டா...”

“ஒண்ணையும் வெட்ட வேணாம்” என்றாள் அக்கா. “போன தடவை வெட்டினதே போதும்.”

அப்படியே பிரேம் போட்டு மாட்டிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து லேபில் வேலையாக இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

“சின்னவளே, இன்னைக்குப் பழைய மேலாளர் ஒருத்தர் வந்திருந்தார். சுவத்துல இருக்காரே, ஒன்பதாவது, ரொம்ப முறைப்பாரே, அவர். என் படத்தைப் பாத்துட்டு, ஓரத்துல யாரு அந்தக் காதுன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“என் பல்லை உடைச்சவள்னு சொன்னேன்.”

“செஞ்சவள்னும் சொல்லியிருக்கலாம்ல?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“சொன்னேன்டி! எந்தப் பல்லுன்னு கண்டுபிடிங்கன்னும் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டிப் பாத்தார், போட்டுப் பாத்தார். கடைசியில உறுதியா ஒரு பல்லைக் காட்டினார். அது நீ செஞ்சதுக்குப் பக்கத்துப் பல்லு!”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் தூரிகையைக் கீழே வைத்தேன். அந்தச் சிரிப்பு தலையணைக்கு அடியிலிருந்து வரவில்லை. என் காதே அடைத்துப்போகிற மாதிரி நேராக, முழுசாக வந்தது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.